11 பிக்சலில் ஒரு வீடு

எனக்கு 16 வயதாக இருந்தபோது எங்கள் தமிழ் வகுப்புக்கு ஒரு இணையத்தளம் செய்தேன். 2004ஆம் ஆண்டு. நாங்கள் இருந்தது மேல் எங்கடினில், சமேடனில். அப்பாவுக்கு ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. எங்கள் பக்கத்தில் தமிழ் வகுப்பு இல்லாததால், சனிக்கிழமைகளில் அல்புலா மலையைக் குடைந்து போகும் ரயிலில் கூர் நகரத்துக்குப் போவேன். ஒரு பக்கம் போகவே கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம். வகுப்பில் கொம்பியூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஆசிரியை முடிவுகட்டி வேலையைத் தந்தார்.

செய்தேன், சும்மா இல்லை, சரியான வடிவாகச் செய்தேன். பக்கத்தின் அகலம் 760 பிக்சல். நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி, இரண்டு பக்கமும் கருநீலம். எழுத்தின் அளவு 11 பிக்சல். அந்த நாளில் சின்ன எழுத்து என்றால்தான் ஸ்டைல். எழுத்துரு பாமினி. ஐரோப்பாவில் இருந்த ஈழத்தமிழர் வீட்டுக் கொம்பியூட்டர்களில் வேறு எது இல்லாவிட்டாலும் பாமினி இருக்கும். முதல் பக்கத்தில் நான் எழுதிய கட்டுரையைப் போட்டேன். தலைப்பு 'வீடு'. யாழ்ப்பாணத்தில் அப்பா விட்டுவிட்டு வந்த வீடு. நான் அதைப் பார்த்ததே இல்லை. அவர் சொன்னதை வைத்து எழுதினேன்.

இரவு வேலை முடிந்து வந்த அப்பாவை இருத்தித் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டார். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"தம்பி, 'விடு' எண்டு போட்டிருக்கிறாய். எதை விடச் சொல்லுறாய்?"

11 பிக்சலில் 'வி'யின் கொம்புக்கும் 'வீ'யின் சுழிக்கும் வித்தியாசம் ஒரேயொரு புள்ளி. ஏழு மணித்தியாலம் சமையலறை ஆவியில் நின்றுவிட்டு வந்த கண்ணுக்கு அது தெரியாது. "பொறுங்கோ அப்பா, பெருசாக்கிறன்" என்று மெனுவில் எழுத்தளவை 'மிகப் பெரியது' ஆக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அமத்தினேன். அப்படியே இருந்தது. அப்பா இரண்டு பந்தி வரை கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தார், பிறகு "நாளைக்கு மிச்சத்தை வாசிக்கிறன்" என்று எழும்பிப் போனார். அந்த நாளை வரவில்லை. அவருக்கு அடுத்த நாளும் வேலை.

ஏன் பெரிதாகவில்லை என்று விளங்கிக்கொள்ள எனக்குக் கனகாலம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். இது கணினிக்கு முன்பே தொடங்கிய கதை.

1713ஆம் ஆண்டுக்குப் போவோம். தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழில் புத்தகம் அச்சடிக்க வேண்டும் என்று காத்திருக்கிறார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் தமிழ் அச்செழுத்துகளைச் செய்து கப்பலில் அனுப்புகிறார்கள். வந்து சேர்ந்த பிறகுதான் பிரச்சினை தெரிகிறது. எழுத்துகள் பெரிசு. தாளோ மட்டுமட்டு, அதுவும் கப்பலில்தான் வர வேண்டும். அந்த எழுத்தில் புதிய ஏற்பாடு முழுவதையும் அடித்தால் தாள் காணாது. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் சீஸைச் சுற்றியிருந்த ஈயத்தை உருக்கித்தான் வார்த்தார்கள் என்று ஒரு கதை உண்டு. (சுவிஸ் சீஸ் இல்லையா என்று கேட்காதீர்கள். எனக்கும் கவலைதான்.) 1715இல் புத்தகம் முடிந்தது. இடம் இவ்வளவுதான், எழுத்து அதற்குள் அடங்க வேண்டும். அந்தச் சண்டை தமிழுக்கு அப்போதே வந்துவிட்டது.

எங்கடினும் இந்தக் கதைக்குப் புதிதில்லை. நான் வளர்ந்த அதே சமேடனில்தான் யாகியாம் பிஃப்ரூன் என்ற சட்டம் படித்த மனிதர் இருந்தார். ரொமான்ஷ் மொழியில் முதலில் அச்சேறிய புத்தகம் அவருடைய 1552ஆம் ஆண்டு ஞானோபதேச நூல். 1560இல் புதிய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்து அச்சிட்டார். இன்ன ஒலிக்கு இன்ன எழுத்து என்று அந்தப் பள்ளத்தாக்கு மொழிக்கு அச்சில் ஒரு வழக்கமே இல்லாத காலம். 1554இல் லிஸ்பனில் தமிழ் முதன்முதலாக அச்சேறியபோது அது ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வந்தது 1578இல். பள்ளிக்கூடத்தில் ரொமான்ஷ் படித்த நாள்களில் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தால், "உங்கட மொழியை எத்தனை பேர் கதைக்கிறார்கள்?" என்று ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டு திரிந்திருக்க மாட்டோம்.

இனி ஜெனீவா. 1989இல் செர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலைக்கான முதல் திட்டத்தை எழுதினார். ஆரம்பத்து வலைப்பக்கங்களில் எழுத்தளவு என்ற பேச்சே இல்லை. இது தலைப்பு, இது பந்தி என்று மட்டும் எழுதியவர் சொல்வார். எவ்வளவு பெரிதாகக் காட்டுவது என்பது வாசிப்பவரின் உலாவி பார்த்துக்கொள்ளும் காரியம். ஜன்னலைச் சுருக்கினால் வரி மடியும், விரித்தால் நீளும். முதல் வலைப்பக்கத்தை இன்றைக்கு உங்கள் போனில் திறந்தாலும் வரிகள் திரைக்கு ஏற்றபடி மடிந்துதான் நிற்கும். அதாவது வலை பிறக்கும்போதே வளைந்து கொடுத்தது. அதை இறுக்கியது நாங்கள்தான்.

1994 ஒக்டோபரில், அதே செர்னில் வேலை செய்த ஹோகோன் வியூம் லீ, பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதும் ஒரு முறையை முன்மொழிந்தார். இன்றைக்கு நாங்கள் சி.எஸ்.எஸ். என்று சொல்வதன் முதல் வரைவு அது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் பின்னால் கைவிடப்பட்டது. எழுத்தளவுக்குப் பக்கத்தில் ஒரு சதவீதமும் எழுதலாம். தலைப்பு 24 புள்ளி, 100% என்றால் 'இது என் முடிவு, மாற்றாதே' என்று அர்த்தம். 20 புள்ளி, 40% என்றால் 'என் விருப்பம் இது, மிச்சத்தை வாசிப்பவரின் விருப்பத்துக்கு விடுகிறேன்' என்று அர்த்தம். எழுதுபவரும் வாசிப்பவரும் பேரம் பேசுவதற்கு ஒரு இடம். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு வெளிவந்தபோது அந்தச் சதவீதம் இல்லை.

அதற்கு முன்பே வடிவமைப்பாளர்கள் வலைக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் தாளில் வேலை பழகியவர்கள், தாளுக்கு ஓரம் உண்டு. ஆகவே அட்டவணைகளை வைத்துப் பெட்டி கட்டினார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படத்தை நீட்டி இடைவெளி விட்டார்கள். 640 பிக்சல் திரைக்கு 600 அளவில் பெட்டி. 800 பிக்சல் திரைகள் வந்ததும் 760. 1024 வந்ததும் 960.

960 எப்படி வந்தது என்பதில் ஒரு சுவிஸ் முடிச்சு இருக்கிறது. ராப்பர்ஸ்வீலில் பிறந்த யோசப் முல்லர்-புரொக்மன் 1981இல் கட்ட அமைப்புகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்தைச் சமமான பத்திகளாகப் பிரி, எல்லாவற்றையும் அதில் நிறுத்து என்பது அதன் சாரம். 1957இல் பாசலுக்குப் பக்கத்து மியுன்ஷன்ஸ்டைனில் பிறந்த ஹெல்வெட்டிகா எழுத்துருவும் இந்தக் கட்டமும்தான் 'சுவிஸ் பாணி' என்று உலகம் முழுக்கப் பெயரெடுத்தன. 2008இல் நேத்தன் ஸ்மித் என்ற அமெரிக்கர் அதே எண்ணத்தை வலைக்குக் கொண்டுவந்தார். 960 பிக்சல், 12 பத்தி, ஒவ்வொன்றும் 60, இடைவெளி 20. 960ஐ 2, 3, 4, 5, 6, 8, 10, 12 என்று எதனாலும் வகுக்கலாம். பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது கோவில் மாதிரி இருந்தது.

ஆனால் முல்லர்-புரொக்மன் பத்தியின் அகலத்தைத் தன் விருப்பத்துக்கு வைக்கவில்லை. ஒரு வரிக்குச் சராசரியாகப் பத்துச் சொல் வந்தால் வாசிக்க இலகு என்று கணக்குப் பார்த்துத்தான் வைத்தார். எழுத்தளவிலிருந்துதான் அகலம் பிறக்க வேண்டும். நாங்கள் அகலத்தை முதலில் ஆணியடித்துவிட்டு எழுத்தை அதற்குள் அமுக்கினோம். தமிழில் இது இன்னும் மோசம். ஜெர்மன்காரன் நாலு சொல்லில் சொல்வதை நாங்கள் 'வீட்டுக்குள்ளிருந்துதான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஒரு வரியில் பத்துத் தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள், சூரிச் வரைக்கும் போகும்.

தமிழின் பக்கத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? அதிலும் சுவிஸுக்கு ஒரு இடம் உண்டு, உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். லோசானில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1990களின் தொடக்கத்தில் 'மயிலை' என்ற தமிழ் எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை நடத்தியவரும் அவர்தான். சங்க இலக்கியம் முதல் எத்தனையோ நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து வலையில் ஏற்றினார்கள். ஜெனீவா ஏரிக்கரையில் ஒருவர் தன் ஆய்வுகூட வேலை போக மிச்ச நேரத்தில் இதைச் செய்துகொண்டிருந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் என்று வேறு ஆட்களும் வேறு மூலைகளில் இதே வேலையில் இருந்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறிமுறை. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்திருந்தும், சாதாரணக் கொம்பியூட்டரில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்தபோதுதான். அதுவரை, அதற்குப் பிறகும் பல வருடம், ஒவ்வொரு தமிழ்த் தளமும் 'எங்கள் எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளுங்கள்' என்று கேட்கும். ஒன்றில் 12 என்றால் வாசிக்கலாம், இன்னொன்றில் அதே 12 எறும்பு ஊர்ந்தது மாதிரி இருக்கும். எண் ஒன்றுதான், எழுத்துருவுக்குள் எழுத்து எவ்வளவு இடம் எடுக்கிறது என்பது வேறு. ஆங்கிலத்துக்கு 11 பிக்சல் போதும் என்று சொன்ன எந்தப் புத்தகமும் 'ணை'யையும் 'ளூ'வையும் மனதில் வைத்து எழுதப்பட்டதில்லை. நானோ அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டுப் பாமினியில் 11 போட்டேன்.

இனி அப்பாவின் மெனு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு வருகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. அந்த உலாவி, பிக்சலில் சொன்ன எழுத்தளவைப் பெரிதாக்காது. 'எம்' என்ற அலகிலோ சதவீதத்திலோ சொல்லியிருந்தால் பெரிதாக்கியிருக்கும். எம் என்பது சார்பு அலகு. வாசிப்பவரின் வழக்கமான அளவு 16 என்றால் 1.5 எம் என்பது 24, அவர் 20 ஆக்கினால் அது 30. நான் பிக்சல் என்று எழுதிய அந்த இரண்டு எழுத்துதான் அப்பாவின் கையைக் கட்டிப்போட்டது. பகிடி என்னவென்றால், அதே 2004இல்தான் ரிச்சர்ட் ரட்டர் ஒரு இலகுவான வழியை எழுதினார். பக்கத்தின் அடிப்படை அளவை 62.5% ஆக்கினால் 16 பிக்சல் 10 ஆகிவிடும், பிறகு 1.2 எம் என்றால் 12 என்று மனக்கணக்காகவே போடலாம். அதே வருடம் பேட்ரிக் கிரிஃபித்ஸ் என்பவர், பெட்டியின் அகலத்தையும் எம்மில் சொன்னால் எழுத்து வளரும்போது பெட்டியும் சேர்ந்து வளருமே என்று காட்டினார். நான் சமேடனில் இருந்துகொண்டு இரண்டையும் படிக்கவில்லை.

பெட்டி வளராமல் எழுத்து மட்டும் வளர்ந்தால் என்ன ஆகும்? இரண்டு வருடத்துக்கு முன் அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு கீழ் எங்கடினில் குவார்டாவுக்குப் போனேன். ஷெலன்-உர்ஸ்லி கதைப் படங்களில் வரும் ஊர் அதுதான். அங்கே வீட்டுச் சுவர்களில் 'ஸ்கிராஃபிட்டோ' வேலை இருக்கும். சாம்பல் நிறப் பூச்சின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பைப் பூசி, ஈரம் காய முன் கீறி எடுப்பார்கள், கீழே இருக்கும் நிறம் எழுத்தாகத் தெரியும். காய்ந்த பிறகு திருத்த முடியாது. ஒரு சுவரில் வரி கம்பீரமாகத் தொடங்கி, ஜன்னலுக்குக் கிட்ட வந்ததும் எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நெருங்கியிருந்தன, கடைசி எழுத்து பாதி அளவில் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. பிள்ளை பார்த்துவிட்டு "மாமா, ஓவர்ஃப்ளோ" என்றாள். அவளுக்கு 13 வயது. என்னுடைய தொழில் அவளுக்கும் வரும் போலிருக்கிறது, பாவம்.

2007இல் ஐபோன் வந்தபோது அதன் உலாவி, எந்தப் பக்கமும் 980 பிக்சல் அகலம் இருக்கும் என்று தானே முடிவுசெய்து, முழுப் பக்கத்தையும் உள்ளங்கைக்குள் சுருக்கிக் காட்டியது. உலகத்தின் நிலையான பெட்டிகளுக்கெல்லாம் அது ஒரு மரியாதை. ஆனால் எழுத்து எறும்பாகிவிட்டது. 2010 மே மாதத்தில் ஈதன் மார்க்கோட் 'தகவமையும் வலை வடிவமைப்பு' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அகலத்தை விகிதத்தில் சொல், படங்களைச் சுருங்க விடு, திரைக்கு ஏற்ப விதிகளை மாற்று. அதோடு நான் வணங்கிய 960 கோவிலில் பூசை நின்றுபோனது.

அப்போது எனக்கு இரண்டாவது பாடம் கிடைத்தது, அதுவும் என் பிழைதான். திரை அகலத்தின் நூற்றில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட 'வி-டபிள்யூ' வந்தவுடன், எழுத்தை 2 வி-டபிள்யூ என்று போட்டு ஒரு வேலையை முடித்துக் கொடுத்தேன். பெட்டியோ 960க்கு மேல் போகாது. என் 1000 பிக்சல் ஜன்னலில் எழுத்து 20 பிக்சல், அருமை. 1920 திரையில் 38. 2560 திரையில் 51, பெட்டி மட்டும் அதே 960. 320 பிக்சல் போனில் எழுத்து 6.4. எல்லாவற்றையும்விட வெட்கமானது, வயதான ஒரு வாசகர் ஸூம் செய்தும் எழுத்து பெரிதாகவில்லை என்று எழுதியது. 200% ஸூம் செய்தால் உலாவிக்குத் திரை பாதி அகலமாகத் தெரியும், அதன் நூற்றில் ஒரு பங்கும் பாதியாகும், பெருக்கியதும் பழைய அளவே வரும். 2008ஆம் ஆண்டு வலை அணுகல் விதிகளே எழுத்து 200% வரை பெரிதாக வேண்டும் என்று சொல்கின்றன. 12 வருடம் கழித்து, மாஸ்டர்ஸ் பட்டத்தோடு, அதே கையை இன்னொரு தடவை கட்டியிருந்தேன்.

இப்போது நான் செய்வது இது. பத்தியின் உச்ச அகலம் 40 ரெம் (ரெம் என்பது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவு, வழக்கமாக 16, ஆகவே 640 பிக்சல்). எழுத்து 320 பிக்சல் திரையில் 16, 640 திரையில் 20, அதற்குமேல் வளராது. 320 பிக்சல் ஓட்டத்துக்கு 4 பிக்சல் வளர்ச்சி என்றால் சரிவு 1.25 வி-டபிள்யூ, மிச்சம் 0.75 ரெம். இரண்டையும் கூட்டி, 'கிளாம்ப்' என்ற கட்டளையால் கீழே 1 ரெம்மிலும் மேலே 1.25 ரெம்மிலும் பூட்டுகிறேன். பெட்டி நிற்கும் இடத்திலேயே எழுத்தும் நிற்க வேண்டும், கணக்கின் உயிர் அதில்தான். ரெம் கலந்திருப்பதால் வாசிப்பவர் தன் அடிப்படை அளவை 24 ஆக்கினால் எழுத்தும் வளரும், பெட்டியும் வளரும். 40 ரெம் அப்போது எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள், பழைய நண்பர் ஒருவரைச் சந்திப்பீர்கள். 2023க்குள் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும், திரையை விட்டுவிட்டுப் பெட்டியின் அகலத்தையே அலகாக எடுக்கும் வசதியும் வந்துவிட்டது. தமிழுக்கு வரி உயரத்தைத் தாராளமாக விடுங்கள். நான் 1.7 வைக்கிறேன், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் சண்டை பிடிக்கும்.

போன மாரியில் சமேடன் வீட்டில் பரணைத் துப்புரவாக்கும்போது ஒரு சீடி கிடைத்தது. 2004இன் தளம். திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குழப்பம், ஏனென்றால் பாமினி இப்போது எங்கள் கொம்பியூட்டரில் இல்லை. பாமினியில் 'வி'க்கும் 'வீ'க்கும் வித்தியாசம் ஆங்கிலப் 'பி' எழுத்து சின்னதா பெரியதா என்பதுதான். தலைப்பைத் தேடிப் பார்த்தேன். பெரியதுதான் போட்டிருந்தேன், சரியாக. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, மேலே சொன்ன கணக்கில் ஒரு பக்கமாக்கி, அப்பாவின் டேப்லெட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் எழுத்தைத் தன் பாட்டில் இரண்டு தரம் பெரிதாக்கினார். வரிகள் மடிந்து வழிவிட்டன. கதிரையில் சாய்ந்துகொண்டு கடைசி வரைக்கும் வாசித்தார். இடையில் ஒருக்கால் மேலே தள்ளித் திரும்பவும் வாசித்தார்.

"தம்பி, கிணத்தடி வலப்பக்கம் இல்லை, இடப்பக்கம். மாத்திவிடு."

மாற்றிவிட்டேன்.